இஞ்சின் மேல் வைத்த பொட்டு

பின்னாடி இருந்து சிவப்பா ஒரு கார் வந்து ஹாரன் அடிச்சா, நீங்க திரும்பிப் பாக்காதீங்க. நானும் பாக்க மாட்டேன். ஜன்னலோரம் நீங்க உக்காந்திருக்கறதால முன்கூட்டியே சொல்லிப்போடறேன். கூரையில்லாத கார். ரெண்டே சீட்டு. ஓட்டிட்டு வர்றது ஒரு பொம்பள. அறுபத்தி மூணு வயசு, கண்ணாடி போட்டிருப்பா, தலைய ஸ்கார்ப்புல இறுக்கிக் கட்டியிருப்பா. என்ற தங்கச்சிதான். சுலோச்சனான்னு பேரு.

இல்லீங்க, சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல. சண்டைன்னா ரெண்டு பேரும் கத்தணும். அவ கத்தறதே இல்ல. அதுலதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

சித்த காலை நகத்துங்க, இந்தப் பையக் கீழ வெச்சுக்கறேன். குத்துவிளக்கு இருக்குது உள்ள. அவ பொண்ணு குன்னூர்ல வீடு கட்டியிருக்கறா, நாளைக்குக் காலைல கிரகப்பிரவேசம். நான் தாய்மாமன். என்ற சீர் போய்ச் சேராம அங்க பால் காய்ச்ச மாட்டாங்க. அதுக்காகத்தான் போறேன். இல்லாட்டி இந்தப் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்க மாட்டேன். ஜெயவரதன்னு பேருங்க எனக்கு. பீளமேடு. எங்கப்பா அங்க பம்புசெட் வார்க்கற பவுண்டரி வெச்சிருந்தார். மயில் அச்சுப் போட்ட பம்புன்னா அந்தக் காலத்துல நம்ம பக்கம் எல்லாக் கிணத்துலயும் இருக்கும். இப்ப பவுண்டரி இல்ல, அந்த எடத்துல கல்யாண மண்டபம் நிக்குது. வீடும் கார் செட்டும் மட்டும் எங்ககிட்ட இருக்குது.

ஸ்வெட்டர் இல்லாம மலைக்கு வர்றீங்களேன்னு கேக்கறீங்க. இருந்துச்சுங்க ஸ்வெட்டர். அதையும் அவதான் எடுத்துட்டுப் போயிட்டா. சொல்றேன், எல்லாம் சொல்றேன்.

அந்தக் கார் அம்பத்தி ரெண்டாம் வருஷத்து இங்கிலீஷ் வண்டி. வால்பாறைத் தோட்டத்துல இருந்த ஒரு தொரை ஊருக்குக் கெளம்பறப்ப அப்பாவுக்கு வித்துட்டுப் போனார். பந்தயத்துக்குன்னு செஞ்ச வண்டி. அப்பா சாகறப்ப ரெண்டு பேருக்கும் சேத்து எழுதி வெச்சுட்டார். ஆர்.சி. புக்கு மட்டும் என்ற பேர்ல. வீடு என்னோடது, செட்டும் என்னோடது, அப்ப வண்டிய யாருங்க பாத்துக்கறது? நாந்தான். ஞாயித்துக்கிழமை ஆனா மஞ்சத் துணிய எடுத்துட்டுப் போயி ஒரு மணி நேரம் தொடைப்பேன். பொங்கலுக்கு ஒரு தடவ, ஆயுத பூஜைக்கு ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணி, தெருமுக்குப் புள்ளையார் கோயில் வரைக்கும் போயிட்டு வந்து நிறுத்திருவேன். அவ்வளவுதான். ஒரிஜினல் இஞ்சினுங்க. அந்த இஞ்சினை ஓட்டித் தேய்க்க எனக்கு மனசு வராது.

ஸ்பேனரா? நான் தொட்டதில்ல. எனக்கு அந்த வேலையெல்லாம் வராது. ஆனா ரசனை இருக்குதுங்களே? அந்த இஞ்சின் நம்பர் எனக்கு மனப்பாடம். கல்யாண நாளை மறந்துட்டு வீட்டுல வாங்கிக் கட்டியிருக்கறேன், அந்த நம்பரை ஒரு நாளும் மறந்ததில்ல. ஆர்.சி. புக்குல எப்படி இருக்குதோ அப்படியே சொல்லுவேன்.

ஆயுத பூஜைன்னா அந்த இஞ்சினுக்கு நான் செய்யற மாதிரி யாரும் செஞ்சிருக்க மாட்டாங்க. பானெட்டைத் தூக்கி, மாலை போட்டு, சந்தனம் கொழைச்சு வெப்பேன். இஞ்சினோட இடது பக்கத்துல கட்டை விரல் அகலத்துக்கு சமமா ஒரு எடம் இருக்கும். அங்கதான் வெக்கணும். அப்பா காட்டிக் குடுத்த எடம். நான் காலேஜ் படிக்கறப்ப, பூஜையன்னைக்கு என்னயக் கூப்புட்டு, "வரதா, இங்க வை. நல்லா அப்பி வை. வேற எங்க விட்டாலும் இங்க மட்டும் விட்றாதே"ன்னார். அவர் சொன்னத நான் தட்டுனதில்ல. நாப்பத்தெட்டு வருஷம் பொட்டு மேல பொட்டு. எண்ணெயும் சந்தனமும் சேந்து கல்லா இறுகி நின்னுச்சு. ஒரு தடவ கண்காட்சிக்கு எடுத்துட்டுப் போனேன். மெட்ராஸ்ல இருந்து வந்த ஒருத்தர் பானெட்டுக்குள்ள எட்டிப் பாத்துட்டு சிரிச்சார். பொறாமைங்க. அதுக்கப்புறம் கண்காட்சிக்கே நான் கொண்டு போகல.

இப்ப இவ கதைக்கு வர்றேன்.

இவ ஒரு நூல் மில் மெஷின் கம்பெனியில டிராயிங் ஆபீஸ்ல முப்பத்தொரு வருஷம் இருந்தவ. ரிட்டையர் ஆயிட்டா. அவ வீட்டுக்காரர் தவறி ஆறு வருஷம் ஆச்சு. போன ஆயுத பூஜைக்கு வீட்டுக்கு வந்தா. பொரி தின்னுட்டே சொல்றா, "அண்ணா, சாவி குடுங்க. ஊட்டிக்கு ஒரே ஒரு தடவ ஓட்டிட்டு வந்துடறேன். கண்ணு நல்லா தெரியறப்பவே போயிட்டு வந்தறணும்"னு.

நான் சொன்னேன், "அம்மிணி, இஞ்சின் தாங்காது."

"நாப்பத்தெட்டு வருஷமா இதத்தான் சொல்றீங்க. அப்ப தாங்கற இஞ்சினா ஒண்ணு வெச்சுக்கலாம்."

வெளையாட்டுக்குச் சொல்றான்னு நான் சிரிச்சேன். என்ற சம்சாரம் ருக்மணியும் சிரிச்சா. அடுத்த வாரம் பாத்தா, கையில டேப்போட வந்து நிக்கறா. கூட ஒரு மெக்கானிக். ஜபருல்லான்னு, உக்கடத்துல ஒர்க் ஷாப் வெச்சிருக்கறவர். இந்த வயசுல பாயை விரிச்சு வண்டிக்கு அடியில படுத்துட்டாங்க! "சேஸிஸ் அகலம் இருவத்தி மூணே கால்"னு கீழ இருந்து சத்தம் வருது. மேல நான் நிக்கறேன். வீட்டுக்காரன் நான், எனக்கு ஒரு வார்த்தை சொல்லலீங்க.

தை மாசம் வரைக்கும் இதே கூத்து. என்ற சாப்பாட்டு ரூம் செவுத்துல ஆள் ஒசரத்துக்கு ஒரு டிராயிங். மேல இருந்து பாத்தா ஒண்ணு, பக்கத்துல இருந்து பாத்தா ஒண்ணு. நான் தோசைய முழுங்கறப்ப எதுக்க ரேடியேட்டர் தெரியும். ஒரு சின்னக் கார் எங்கயோ மரத்துல மோதி நொறுங்கிப்போச்சாம், இஞ்சின் மட்டும் புத்தம் புதுசாம். அதைத்தான் வெக்கறாங்களாம். என்ற வாஷிங் மெஷின் வந்த அட்டைப் பெட்டிய வெட்டி ஒட்டி, அந்த இஞ்சின் சைஸுக்கே ஒரு அட்டை இஞ்சின் செஞ்சுட்டா. அதைக் கயித்துல கட்டி உள்ள எறக்கிப் பாப்பாங்க. ஸ்டீயரிங் ராடு இடிக்கும். வெளிய எடுப்பாங்க. டிராயிங்கை அழிச்சு ரெண்டு இஞ்ச் பின்னாடி தள்ளுவா. மறுபடி எறக்குவாங்க. இப்ப கியர் ராடு ஓட்டறவங்க முழங்கைக்குக் கீழ போயி நிக்குது. மறுபடி அழிப்பா. புது இஞ்சின் அறுவது கிலோ எடை கம்மியாம், அதனால முன்பக்கம் தூக்கிக்குமாம், அதுக்கு ஸ்பிரிங்கை மாத்தணுமாம். இஞ்சினை நடத்தறதுக்கு ஒரு கம்ப்யூட்டர் டப்பாவாம், அது நனையாத எடமா பாக்கணுமாம். ஜபருல்லா ஒரு நாள், "அம்மா, மொதல்ல பிரேக்கை முடிச்சுருவோம். ஓடறதைப் பத்தி அப்புறம் பேசலாம்"னார். "நானும் அதான் பாய் நெனச்சேன்"னு இவ சொல்றா. ரெண்டு பேரும் அவ்வளவு ஒத்துமை. எனக்கு வயிறு எரியுது.

நான் கேட்டேன், "ஏம்மிணி, அப்பா வெச்சுட்டுப் போனதை அறுத்துக் கூறு போடறயே, உனக்கு மனசாட்சி இருக்குதா?"

அவ என்ன சொன்னா தெரியுங்களா? "ஒரு ஓட்டை கூடப் புதுசா போடலீங்ணா. பழைய போல்ட் எங்க இருக்குதோ அங்கயேதான் மாட்டறோம். நாளைக்கே நீங்க சொன்னாலும் பழைய இஞ்சினை எறக்கி வெச்சுக்கலாம். அதுக்குத்தான் மூணு மாசமா வரையறேன்." திட்டறதுக்குக்கூட எடம் குடுக்கலீங்க.

என்ன கேட்டீங்க? ஏன் அவளுக்கு முன்னாடியே சாவி குடுக்கலன்னா? குடுக்கலாம்ங்க, எனக்கென்ன. ஆனா அவளுக்கும் அந்த இஞ்சினுக்கும் ராசியில்ல. பதினஞ்சு வயசுல அவதான் அதைக் கெடுத்தவ. அப்பா அவளுக்குக் காம்பவுண்டுக்குள்ள ஓட்டக் கத்துக் குடுத்துட்டிருந்தார். அந்தக் காலத்துல ஒரு பொம்பளப் புள்ளைக்கு! தெருவே பேசுச்சு. காலைல தண்ணி பாக்கறது, ஆயில் பாக்கறது, மீட்டர்ல எத்தனை மைல் இருக்குதுன்னு செட்டுச் செவுத்துல சாக்பீஸுல எழுதறது, எல்லாம் அவ வேலை. ஒரு நாள் காலைல ஸ்டார்ட் பண்ணுனா, கடகடன்னு ஒரு சத்தம், இஞ்சின் அப்படியே இறுகிப் புடிச்சுக்குச்சு. தண்ணி ஊத்தாம ஸ்டார்ட் பண்ணிட்டா. ஊத்தினேன்னு ஒரு தடவ சொன்னா, அப்புறம் வாயைத் தெறக்கல. அப்பா அன்னையோட பாடத்தை நிறுத்திட்டார். பவுண்டரிக்கு வண்டியத் தள்ளிட்டுப் போயி, ஒரு மாசம் கதவைச் சாத்திட்டு வேலை பாத்தார். சிலிண்டரைக் கடைஞ்சு போரிங் போட்டு சரி பண்ணியாச்சுன்னார். அதுக்கப்புறம் அவளை அந்த செட்டுப் பக்கம் யாரும் விடல. அம்மா விடல. நானும் விடல. விடலாங்களா? நீங்களே சொல்லுங்க.

கல்லாறு தாண்டியாச்சுங்களா? இனிமே வளைவு ஆரம்பிச்சுரும். நீங்க திரும்பிப் பாத்தீங்க. பாக்காதீங்கன்னு சொன்னேனில்லீங்க. வருதா? வரலையா? வராது. புது இஞ்சின் எங்கயாச்சும் நின்னுருக்கும்.

சரி. இஞ்சினை மாத்தணும்னா ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல அனுமதி வாங்கணும். ஆர்.சி. என்ற பேர்ல இருக்கறதால நான் கையெழுத்துப் போடணும். அங்கதான் வந்து மாட்டுனா பாருங்க. பங்குனி மாசம் பூரா ஃபாரத்தை வெச்சுட்டு என்ற முன்னாடி நின்னா. நான் பேனாவத் தொடல. ருக்மணி சொல்றா, "போட்டுத் தொலைங்களேன், அவ என்ன ஆகாசத்தையா கேட்டா?" என்ற மகன் பெங்களூர்ல இருந்து போன்ல, "போடுங்கப்பா"ங்கறான். வீடே ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

அப்பதான் ஜபருல்லா சொன்னார், பழைய இஞ்சின் நம்பரை பென்சில் பிரிண்ட் எடுத்து ஃபாரத்தோட வெக்கணும்னு. நம்பர் மேல காகிதத்தை வெச்சு பென்சில்ல தேய்ச்சு எடுப்பாங்களே, அதேதான். எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. எல்லார்த்தையும் செட்டுக்குக் கூப்புட்டேன். ருக்மணி, பக்கத்து வீட்டு ராமானுஜம், ஜபருல்லா, இவ. சபை மாதிரி நிக்க வெச்சு சொன்னேன்: "இது எங்கப்பா பாத்த இஞ்சின். பொறந்ததுல இருந்து இந்த வண்டியோட இருக்கற இஞ்சின். பிரிண்ட் எடுங்க. ஆர்.சி. நம்பரும் அதுவும் ஒண்ணா இருந்தா, இந்த ஜென்மத்துல யாரும் இஞ்சின் மாத்தற பேச்சே எடுக்கக் கூடாது. ஒரு எழுத்து மாறியிருந்தாலும் இப்பவே கையெழுத்துப் போடறேன்."

இவ என்னைப் பாத்து, "வேண்டாம்ணா"ன்னா. மெதுவா. ரெண்டு தடவ சொன்னா. "பந்தயம் எல்லாம் வேண்டாம்ணா. பிரியமிருந்தா போடுங்க, இல்லாட்டி விடுங்க." பயந்துட்டாள்னு நெனச்சேன். ஜெயிச்சாச்சுன்னு நெனச்சேன்.

நம்பர் எங்கன்னு ஜபருல்லா தேடறார். டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, "ஐயா, நீங்க பொட்டு வெச்சிருக்கறீங்களே, அதுக்கு அடியிலதாங்க இருக்கணும்"ங்கறார். சொரண்டச் சொன்னேன். நாந்தாங்க சொன்னேன். கத்தியில மெதுவா எடுத்தார். மேல குங்குமம், அடியில சந்தனம், மறுபடி குங்குமம், மறுபடி சந்தனம். கையளவு சில்லு சில்லா விழுந்துச்சு. அதை ருக்மணி கீழ விழாம தட்டுல புடிச்சா. நம்பர் தெரிஞ்சுது. நான் ஆர்.சி. புக்கைப் பிரிக்கக்கூட இல்ல, அண்ணாந்து பாத்துட்டு மனப்பாடமா சொல்லிட்டே வர்றேன். அவர் பென்சில்ல தேய்க்கறார். ஒரு எழுத்து கூட ஒத்து வரல.

"ஐயா, இது டாக்ஸி இஞ்சினுங்க"ன்னார் ஜபருல்லா.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! "யோவ், ராவோட ராவா நீங்க மாத்திட்டீங்களா?"ன்னு கேட்டுட்டேன். அந்த மனுசன் டார்ச்சை இஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவுல அடிச்சுக் காட்டினார். அந்த இஞ்சினும் இந்த கியர் பாக்ஸும் சாதாரணமா சேராதாம். நடுவுல வார்ப்புல செஞ்ச ஒரு தகடு வெச்சு சேத்திருக்குது. அந்தத் தகட்டு மேல ஒரு மயில்.

எங்க பவுண்டரி மயிலுங்க. எங்கப்பா வார்த்தது. ஒரு மாசம் கதவைச் சாத்திட்டு அவர் பண்ணுன வேலை அது. ஒடஞ்ச டாக்ஸியில இருந்து இஞ்சினை எடுத்து, இவ இப்ப என்ன பண்ணினாளோ அதையேதான் அவரும் பண்ணியிருக்கறார். நம்பரை மறைக்கறதுக்கு என்ற கையிலயே சந்தனத்தையும் குடுத்துட்டார். நாப்பத்தெட்டு வருஷம் ஒரு டாக்ஸிக்கு நான் மாலை போட்டிருக்கறேன்! ராமானுஜம் தொண்டையக் கனைச்சுட்டு, அடுப்புல பால் இருக்குதுன்னு போயிட்டார். அவருக்கு சக்கரை, பாலே குடிக்க மாட்டார்.

கையெழுத்துப் போட்டேங்க. அந்த எடத்துலயே, பானெட்டு மேல வெச்சுப் போட்டேன். சொன்ன வார்த்தை மாற மாட்டேன், அது வேற விஷயம். போட்டுட்டு இவளைப் பாத்துக் கேட்டேன், "உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். அடியில படுத்து அளந்தப்பவே மயிலைப் பாத்துட்டேன்"ங்கறா.

அதோட விட்டிருக்கணும். நான் விட்டனா? "எல்லாம் உன்னால வந்தது. அன்னைக்கு நீ தண்ணி ஊத்தியிருந்தா அப்பாவுக்கு இந்தத் திருட்டு வேலை தேவைப்பட்டிருக்குமா?"ன்னேன்.

அவ என்னைப் பாத்த பார்வை இருக்குதே... அதை என்னால சொல்ல முடியாது. ருக்மணிய, "அண்ணி, ஒரு காப்பி போடுங்க"ன்னு உள்ள அனுப்பினா. ஜபருல்லாவுக்குப் புரிஞ்சுபோச்சு, அவரா வெளிய போயிட்டார். அப்புறம் சொன்னா. "அன்னைக்குக் காலைல மீட்டர்ல முப்பத்தெட்டு மைல் கூட இருந்துச்சுண்ணா."

இப்ப உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். பெரிய விஷயமில்ல. அதுக்கு முந்தின நாள் மத்தியானம் அப்பா ஈரோடு போயிருந்தப்ப, நான் வண்டிய சித்த தூரம் எடுத்துட்டுப் போயிருந்தேன். வாளையார் வரைக்கும். கூடப் படிக்கறவன் ஒருத்தன் ஆசைப்பட்டான். திரும்பி வர்றப்ப முன்னாடி ஆவி வந்துச்சு, சூடு காட்டற முள்ளு கடைசிக்குப் போயி நின்னுருச்சு. நிறுத்தினா மறுபடி ஸ்டார்ட் ஆகாதேன்னு பயத்துல நிறுத்தாமயே ஓட்டிட்டு வந்து செட்டுல விட்டுட்டேன். ஆனா வீடு வரைக்கும் ஓடி வந்துதுங்களே? என்ற கையில நிக்கலியே, அவ கையிலதானுங்க நின்னுச்சு? அப்படித்தான் நான் இத்தனை வருஷம் நெனச்சுட்டிருந்தேன். நெனச்சுட்டேதான் இருந்தேன்.

இவ சொல்றா, "நான் அப்பாவைக் கூட்டிட்டு வந்து செவுத்தைக் காட்டினேன். நேத்து நம்பர், இன்னைக்கு மீட்டர். அப்பா ரெண்டையும் பாத்தார். ஈரத்துணிய எடுத்து செவுத்தைத் தொடைச்சுட்டார். அவன் பரீட்சைக்குப் படிக்கறவன் அம்மிணி, மனசு ஒடஞ்சுருவான், நீ ஏத்துக்கன்னார்."

அந்தப் பரீட்சையில நான் ரெண்டு பாடம் ஃபெயில். அது வேற.

"அப்ப ஏன் என்கிட்டச் சொல்லல?"ன்னு கத்தினேன். செட்டே அதிர்ந்துச்சு.

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்"ங்கறா.

பாருங்க! நாப்பத்தெட்டு வருஷம்! இதுக்குப் பேரு பொறுமையா? வன்மமுங்க. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவ கேட்டிருந்தா நான் ஒத்துக்கிட்டிருக்க மாட்டனா? அண்ணான்னு கூப்புடறவ, சட்டையப் புடிச்சுக் கேட்டா என்ன? பொங்கலுக்குப் பொங்கல் வந்து, நான் தொடைக்கறதப் பாத்துட்டு, நான் பொட்டு வெக்கறதப் பாத்துட்டு, "நல்லா இருக்குதுங்ணா"ன்னு பொரி தின்னுட்டுப் போவா. என்னை இப்படி ஒரு முட்டாளா நிக்க வெச்சு வேடிக்கை பாத்திருக்கறா. அப்பா ஒரு பக்கம், இவ ஒரு பக்கம். நான் யாருங்க அந்த வீட்டுல? பொட்டு வெக்கற ஆளா? அன்னையில இருந்து அஞ்சு மாசம், அவகிட்ட நான் ஒரு வார்த்தை பேசல.

அனுமதி வந்துச்சு. இஞ்சின் ஏறுச்சு. அட்டையில எப்படி உக்காந்துச்சோ அப்படியே உக்காந்துச்சுன்னு ஜபருல்லா ஊரெல்லாம் சொல்றார். பழைய இஞ்சினைக் கழுவி, ஒரு இரும்பு ஸ்டாண்டு செஞ்சு, என்ற செட்டுலயே நிறுத்தி வெச்சுட்டா. "அப்பா செஞ்சதுண்ணா, பத்திரமா இருக்கட்டும்"னு. அப்பவும் கோவமில்ல அவளுக்கு. எனக்குத்தான் கோவம். நாந்தானுங்க ஏமாந்தவன்?

இன்னைக்குக் காலைல ஆறு மணிக்கு வாசல்ல வந்து நிக்கறா. ருக்மணி நேத்தே மகனோட குன்னூர் போயிட்டா, இதெல்லாம் பேசி வெச்சுப் பண்ணுனது. வண்டி ஓடிட்டிருக்குது, சத்தமே இல்ல. உள்ள வந்து, கொடியில கெடந்த என்ற ஸ்வெட்டரை எடுத்துட்டுப் போயி, இடது பக்கத்து சீட்டுல மடிச்சு வெச்சா. "ஏறுங்கண்ணா. மேல குளிரும்"னா. அவ்வளவுதான். வேற ஒண்ணும் கேக்கல. மன்னிப்பு கேளுன்னு சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன். அதுக்கும் வழி வெக்கலீங்க. நான் விளக்குப் பையைத் தூக்கிட்டு விடுவிடுன்னு நடந்து ஆட்டோ புடிச்சு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டேன். ஸ்வெட்டரை மறந்துட்டேன். பாதி வழியிலதான் ஞாபகம் வந்துச்சு. ஆட்டோவுக்குப் பின்னாடியே மெதுவா வந்துட்டிருந்தா. முந்தல.

ஹாரன்! கேட்டுதுங்களா? அவதான். அவசரமே இல்லாம ஒரே ஒரு தடவ அடிப்பா. எங்கப்பா அப்படித்தான் அடிப்பார். டிரைவர் ஒதுங்கறார் பாருங்க, இந்த வளைவுல ஒருத்தருக்கும் வழி விட மாட்டாங்க. போறா, போறா... கியரை மாத்திட்டா. அட, எவ்வளவு அழகா... ஒண்ணுமில்லீங்க. நான் ஒண்ணும் சொல்லல.

சீட்டுல ஸ்வெட்டர் இருந்துச்சா? பாத்தீங்களா? மடிச்ச மேனிக்கா?

பர்லியாறு வந்துருச்சு. டீக்கு பத்து நிமிஷம் நிக்கும். மங்குஸ்தான் விக்கறாங்க, வேணும்னா வாங்கிக்குங்க, இப்பதான் சீசன். நான் எறங்கல. அதோ நிக்குதுங்க வண்டி, பழக்கடை ஓரத்துல. பானெட்டு மூடியே இருக்குது. ஆவியும் இல்ல, புகையும் இல்ல. பத்து வளைவு ஏறி வந்திருக்குது, நான் பாத்துட்டேதான் இருக்கறேன், ஒரு பொட்டு ஆவி கெடையாது. நான் ஓட்டுனப்ப வாளையார்ல இருந்து திரும்பறதுக்குள்ள...

எறங்கி நிக்கறா. பஸ் ஜன்னலை ஒண்ணொண்ணாப் பாக்கறா. சித்த முன்னாடி சாஞ்சு உக்காருங்க, என்னை மறைச்சுக்கறேன். போயிட்டாளா? இன்னும் நிக்கறாளா? கையில ரெண்டு டீ வெச்சிருக்கறா. ஒருத்தி எதுக்குங்க ரெண்டு டீ வாங்கறா?

அஞ்சு மாசமா நான் ஒரு வாக்கியம் வெச்சிருக்கறேன். உங்ககிட்டத்தான் மொதல்ல சொன்னேன், கவனிச்சீங்களா? ருக்மணிக்குக்கூடத் தெரியாது. வாளையார் வரைக்கும் போனது நாந்தான்னு. எப்படி சொல்றதுன்னு தெரியலீங்க. நல்லா இருக்கறயான்னு ஆரம்பிச்சு சொல்றதா, எடுத்த எடுப்புலயே சொல்றதா? அவளுக்குத் தெரிஞ்ச விஷயத்தை அவகிட்டயே போயி சொல்றதுக்கு இத்தனை கஷ்டமாங்க?

இந்தப் பையைச் சித்த தூக்கிக் குடுங்க. விளக்கு இடிக்காம. ஸ்வெட்டரை எடுக்கத்தான் எறங்கறேன், வேற ஒண்ணுக்கும் இல்ல. டீ ஆறிப்போயிரும், அதுவும் பாருங்க.

பஸ் கெளம்பறப்ப கண்டக்டர் தேடினார்னா, இந்த சீட்டு ஆளு வராதுன்னு சொல்லிருங்க.